'நிறைய' என்று எழுதாதே

அன்பு நண்பா,

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. உறையின் ஒரு மூலை நனைந்து, வீட்டு எண் பாதி கரைந்துபோயிருந்தது. தபால்காரர் எப்படிக் கண்டுபிடித்தாரோ, சரியாக என் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிரித்ததும் சிரித்துவிட்டேன். முழங்கால் அளவு பனி, பனிக்கு நடுவே மரவேலி, வேலி மேல் நெஞ்சு சிவந்த ராபின் குருவி. நீயோ கைவைத்த பனியனோடு விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து, வேர்த்து வழிந்துகொண்டே இதில் கையெழுத்துப் போட்டிருப்பாய். நீ இருக்கும் பூமியின் தென்பாதியில் இப்போது கொளுத்தும் கோடை. அட்டை விற்பவன்தான் வருஷா வருஷம் அங்கே பனி பெய்ய வைக்கிறான்.

பரவாயில்லை, ராபினைப் பொறுத்தவரை அட்டை சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. நேற்று காலை மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கினேன். மேல்மண் ஒரு விரற்கடை இறுகிக் கிடந்தது. நாலு வெட்டு வெட்டுவதற்குள் வந்துவிட்டது, ஒரு கை தூரத்தில். தலையைச் சாய்த்து என் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தது. காலை நகர்த்தியதும் அந்தத் தடத்தில் குதித்து ஒரு மண்புழுவைக் கவ்வி இழுத்தது. புழு மறுமுனையில் மண்ணைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ராபின் காலை ஊன்றிப் பின்னால் சாய்கிறது. கடைசியில் புழு வெடுக்கென்று வந்த வேகத்தில் ராபின் மல்லாந்து விழாத குறைதான். காட்டில் பன்றி மண்ணைக் கிளறும்போது பின்னாலேயே போய்ப் பொறுக்கித் தின்று பழகிய இனமாம் அது. நான் ஏதோ என்னிடம் பாசமாகப் பழகுகிறது என்று இத்தனை நாள் பூரித்துக்கொண்டிருந்தேன். அதன் கணக்கில் நான் மெதுவாக நகரும் ஒரு பன்றி, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். அட்டையில் இருப்பதுபோல அது சாதுவும் இல்லை. குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக எல்லை பிடித்துக்கொண்டு, இரண்டுமே பாடும். மற்ற பறவைகள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்ட இந்த மாதத்தில் விடியலில் அந்த ஒற்றைக் குரலைக் கேட்டால் மனசு இளகத்தான் செய்கிறது. ஆனால் பாட்டின் பொருள் என்னவோ 'என் இடத்தை விட்டு வெளியே போ' என்பதுதான்.

அட்டைக்குள் ராபின் வந்த கதை உனக்குத் தெரியுமா? அச்சடித்து விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓர் ஓவியரை வைத்து வரையச் செய்தது. அதில் பறவையே கிடையாது. ஒரு குடும்பம் கோப்பையை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் அங்கே தபால்காரர்களுக்குச் சிவப்புச் சீருடை என்பதால் 'ராபின்' என்று அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கொஞ்ச காலத்தில் அலகில் கடிதத்தைக் கவ்விய ராபின் அட்டைகளில் ஏறிவிட்டது. ஆக நீ எனக்கு அனுப்பியிருப்பது பறவையை அல்ல, தபால்காரரை. நனைந்த உறையோடு என் வீட்டைத் தேடி வந்தவருக்கு அது பொருத்தம்தான்.

சரி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நான் கடிதம் எழுதவில்லை. முழங்கால் வலி என்று பிறகு போனில் சொன்னேனே, அது பாதிப் பொய். வலி இருந்தது, ஆனால் எழுதுவது முழங்காலால் இல்லையே. மின்னி மின்னி ஆடும் ஒரு மரத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் உனக்குத் தள்ளிவிட்டேன். நீயும் ஆடும் மணி ஒன்றைத் திருப்பித் தள்ளினாய். இருபது வருஷத்துக்கு மேல் விட்டுப்போகாத பழக்கம் ஒரு மரத்தோடும் மணியோடும் முடிந்துபோனது. இந்த வருஷமும் அப்படியே போயிருக்கும், நமக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்த டீச்சரைப் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால்.

ஆமாம், டீச்சரைப் பார்த்தேன். இரண்டு மாதமாக மகள் வீட்டில் இருக்கிறார், இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். 81 வயது. நம்மை ஏரிக்கரையில் விடிவதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திய அதே குரல், கொஞ்சமும் தேயவில்லை. கண்தான் போய்விட்டது. ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறதாம், நடுவில் பார்ப்பதெல்லாம் புகைமூட்டம். என் முகத்தைப் பார்க்கத் தலையை வேறு பக்கம் திருப்பினார். நான் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவர் எடுத்த எடுப்பில், "பைனாகுலர் கொண்டுவந்திருக்கிறாயா?" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் ஊசியிலை மரங்கள் ஏழெட்டு. கம்பளியைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அவர் விரலை உயர்த்தி, "அந்த மூலை மரம், நடுக்கிளைக்கு மேலே. கோல்ட்கிரெஸ்ட்," என்றார். அந்தச் சின்னஞ்சிறு பறவையின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. "பாடுகிறதடா, இன்னுமா கேட்கவில்லை?" என்றார். சத்தியமாகக் கேட்கவில்லை. மிக மெல்லிய, மிக உச்சமான குரல் அதற்கு. வயதானால் முதலில் காதுக்கு எட்டாமல் போவது அந்த மாதிரிக் குரல்கள்தான் என்று படித்திருக்கிறேன். அந்தக் குறை என் காதுக்கே வந்துவிட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பறவை குறைந்துவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். குறைந்தது என் காது.

அவர் சொன்ன கிளையில் பைனாகுலரை வைத்தேன். முதலில் ஊசியிலைதான் ஆடியது. பிறகு இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒரு பச்சைப் பந்து. உச்சந்தலையில் கறுப்புக் கரையிட்ட மஞ்சள் கோடு. ஒரு நொடி ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு ஊசியின் அடியையும் தடவி, கண்ணுக்குத் தெரியாத பூச்சியைப் பொறுக்கிப் போனது. எடை 5 கிராம், மிஞ்சினால் 6. நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த ஒற்றைத் தாளின் எடை. இந்தக் குளிரில் பகல் முழுக்கத் தின்றால்தான் அதற்கு ராத்திரி தாங்கும். இருட்டியதும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும்.

"தெரிகிறதா?" என்றார் டீச்சர். "தெரிகிறது. இன்னும் பாடுகிறதா?" என்றேன். "பாடுகிறது," என்றார். நோட்டில் 'கோல்ட்கிரெஸ்ட் – 1' என்று எழுதினேன். யார் பார்த்தது என்ற கட்டத்தில் இரண்டு பேர் பெயரும் போட்டேன். அவர் அதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பக்கத்து மரத்திலும் ஒன்று இருக்கிறது. இரண்டு என்று திருத்து," என்றார்.

திருத்தினேன். எண்ணுவதில் அவர் எவ்வளவு கறார் என்று உனக்குத்தான் தெரியுமே. ஏரியில் முதல் நாள் நீ வாத்துக் கூட்டத்தைப் பார்த்து 'தாரா – நிறைய' என்று எழுதிக் கொடுத்ததும், அவர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து "நிறைய என்பது எந்த எண்ணுக்கு அடுத்து வரும்?" என்று கேட்டதும் ஞாபகம் வந்து, அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். என் தவறையும் ஒப்புக்கொண்டேன்: வேலி ராபின் ஒன்று, விறகுக் குவியல் ராபின் ஒன்று என்று நான் ஒரு வாரமாக இரண்டு எழுதி வந்தது ஒரே பறவை. ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்சத்தைத்தான் எழுத வேண்டும் என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்ததை மறுபடி சொல்லிக்கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு பிறந்த கதையை அவர் நமக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் அப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் அன்று அணி பிரிந்து துப்பாக்கியோடு கிளம்புவார்களாம். கண்ணில் பட்ட பறவையையும் விலங்கையும் சுட்டுக் குவித்து, எந்த அணியின் குவியல் பெரிது என்று பார்ப்பார்களாம். 1900-இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் எண்ணுவோமே என்றார். அந்த முதல் வருஷம் வந்தவர்கள் 27 பேர். 25 இடங்களில் எண்ணினார்கள், எல்லாம் சேர்த்துச் சுமார் 90 இனங்கள். இன்றைக்கு டிசம்பர் 14-க்கும் ஜனவரி 5-க்கும் நடுவில் பல்லாயிரம் பேர் இறங்குகிறார்கள். 24 கிலோமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம், அதில் ஒரு முழு நாள். வருஷா வருஷம் அதே வட்டம். எனக்கு அதில் பிடித்ததே இந்தப் பிடிவாதம்தான். புது இடம் தேடிப் போகிற ஆசையை அடக்கிக்கொண்டு, போன வருஷம் நின்ற அதே மேட்டில் போய் நிற்க வேண்டும்.

கிளம்பும்போது டீச்சர் அல்பட்ரோஸ் என்ற கடற்பறவை ஒன்றின் கதை சொன்னார். மகள் படித்துக்காட்டியதாம். பசிபிக் நடுவில் மிட்வே என்ற தீவு. 1956 டிசம்பரில் சாண்ட்லர் ராபின்ஸ் என்பவர் அங்கே அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு லேய்சன் அல்பட்ரோஸின் காலில் எண் பொறித்த அடையாள வளையம் மாட்டினார். 2002-இல் எண்பதைத் தாண்டிய வயதில் அதே தீவில் ஒரு பறவையைப் பிடித்துத் தேய்ந்த வளையத்தை மாற்றினார். வளைய எண்களைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால், அது 46 வருஷத்துக்கு முன்னால் அவர் கையாலேயே வளையம் மாட்டிய பறவை! அவர் 2017-இல் இறந்துவிட்டார். 'விஸ்டம்' என்று பெயர் வைத்த அந்தப் பறவை 2024 கடைசியில் மறுபடி முட்டையிட்டது, குறைந்தது 74 வயதில். பழைய துணை சில வருஷமாகத் தீவுக்கு வரவில்லை, புதுத் துணையோடு. டீச்சர் இதைச் சொல்லிவிட்டு, "அவன் கடிதம் எழுதுகிறானா?" என்று உன்னைப் பற்றிக் கேட்டார். நான் எழுதவில்லை என்பதைச் சொல்லாமல், "எழுதுவான் டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். இப்போது புரிகிறதா, ஏன் இவ்வளவு நீளம் என்று?

உன் பக்கத்துக்கு வருவோம். உன் கழிமுகத்துச் சேற்றில் இப்போது பட்டைவால் மூக்கன் பறவைகள் மேய்ந்துகொண்டிருக்கும். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதம் ஆகியிருந்த ஒரு மூக்கன், முதுகில் இடம் காட்டும் கருவியோடு அலாஸ்காவிலிருந்து கிளம்பி டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவில் எங்கும் இறங்கவில்லை. இறங்கவும் முடியாது; அது நீரில் மிதந்து இளைப்பாறும் பறவை இல்லை. கிளம்புவதற்கு முன் உடம்பெல்லாம் கொழுப்பு ஏற்றிக்கொண்டு, வழியில் தேவைப்படாத குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்ளுமாம். நாம் பயணப்பையில் தேவையில்லாததை எடுத்து வெளியே வைப்பது மாதிரி. நீ பார்க்கிற கூட்டத்தில் அப்படி வந்தவை எத்தனையோ. இப்போது சாம்பல் நிறத்தில் சோர்ந்து தெரியும். மார்ச்சில் புறப்படும்போது பார், ஆண்களின் நெஞ்செல்லாம் செங்கல் நிறம் ஏறியிருக்கும்.

இரவு பத்து பதினொரு மணிக்கு மொட்டைமாடிக்குப் போனால் வடக்கே பார். ஓரையன் என்ற வேட்டைக்காரனின் மூன்று நட்சத்திர இடுப்பு வார் தெரியும். எனக்குச் சிவந்த திருவாதிரை மேலே இடது பக்கம். உனக்கு அது கீழே வலது பக்கம் இருக்கவேண்டும், ஆள் தலைகீழாக நிற்பான். சரியா என்று பார்த்து எழுது. உன் வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அப்புறம் மூக்கன்கள். கடல் முழுதாக ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போ. சேறெல்லாம் மூழ்கி, அத்தனையும் ஒரே மணல்திட்டில் வந்து ஒண்டி நிற்கும், எண்ணுவது சுலபம். பத்துப் பத்தாக எண்ணு. நடுவில் கூட்டம் எழும்பிவிட்டால் சலித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து ஆரம்பி. ஜனவரி முதல் வாரத்தில் டீச்சருக்குப் போன் செய்வேன்; உன் எண்ணிக்கையை அவருக்குச் சொல்லவேண்டும். தயவுசெய்து 'நிறைய' என்று எழுதாதே.

இப்படிக்கு,
மெதுவாக நகரும் பன்றி