கிசுமுவின் கதை ரயிலோடு தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பயணக் கட்டுரையில் கென்யாவின் கிசுமு நகரத்துக்கு ஒரே ஒரு பத்திதான். 'ஆங்கிலேயர் ரயில் போட்டதால் உண்டான ஊர்' என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்தப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் ஆறு வருஷம் கணக்கு எழுதியவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

ரயில் வந்தது உண்மைதான். 1896-ல் மொம்பாசாவில் தொடங்கிய பாதை 1901 டிசம்பரில் விக்டோரியா ஏரிக்கரையைத் தொட்டது. ஓர் இன்ஜினீயரின் மனைவி பெயரால் அந்த இடத்தைப் 'போர்ட் ஃப்ளாரன்ஸ்' என்றார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அந்த ஏரிக்கரையில் வாழும் லுவோ இன மக்கள் வழங்கிய கிசுமு என்ற பழைய பெயர்தான் நின்றது. உணவுப் பொருளுக்குப் பண்டமாற்று செய்யப் போகும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். லூயா, நண்டி, கிசி என்ற அக்கம்பக்கத்து இன மக்களெல்லாம் லுவோக்களோடு கொடுத்து வாங்கிய சந்தை அது. தண்டவாளம் வந்து சேர்ந்ததே அந்தச் சந்தையிடம்தான்.

'இந்தியர்' என்று ஒரே சொல்லில் அடக்கியதும் சரியில்லை. பாதை போட இங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் 32,000 பேரில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். ஏறக்குறைய 2,500 பேர் வேலையிலேயே மாண்டார்கள். தங்கியவர்கள் சிலர் கிசுமுவை அடுத்த கிபோஸ், மிவானி பக்கம் கரும்பு போட்டார்கள். ஊருக்குள் கடை வைத்தவர்களில் குஜராத்திகள் அதிகம். 2017-ல் கென்ய அரசே ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44-வது இனமாக அறிவித்துவிட்டது. அவர்களை இன்னமும் வந்தேறிகள் போல எழுதுவது எனக்கு வருத்தமாக இருந்தது.

கிசுமு வெறும் நகரமும் அல்ல. 2013-லிருந்து அது கென்யாவின் 47 கவுன்ட்டிகளில் (நம்ம மாவட்டம் மாதிரி) ஒன்று. ஏழு துணைக் கவுன்ட்டிகள், 2019 கணக்கெடுப்பில் 11 லட்சத்து 55 ஆயிரம் மக்கள். முகோரோனியில் கரும்பு, அகேரோவில் நெல், செமே பக்கம் பாறைக் குன்றுகள்.

கிசுமுவில் ஏரியோரம் இருக்கும் டுங்கா கரைக்கு விடிகாலையில் போய்ப் பார்த்திருந்தால் கட்டுரையாளர் வேறு மாதிரி எழுதியிருப்பார். ராத்திரி முழுக்க விளக்கு வைத்து ஓமேனா பிடித்த படகுகள் அப்போதுதான் திரும்பும். நம்ம நெத்திலி மாதிரிப் பொடிமீன். பெண்கள் பழைய வலையைத் தரையில் விரித்துக் கொட்டி, கையால் பரப்பிக் காயவைப்பார்கள். விற்பது 'கொரொகொரோ' என்கிற டின் அளவில், நம்மூர்ப் படி போல. டின் நிறைந்த பிறகும் குவித்து, கையால் அணைத்துப் பிடித்து, மேலே இன்னொரு பிடி போடுவார் நான் வழக்கமாக வாங்கும் அம்மா. பல நாள் ஆகாயத்தாமரை கரையை அடைத்துக்கொள்ளும். படகை அதற்குள் தள்ளிக்கொண்டு வருவதற்குள் ஆட்கள் சோர்ந்துபோவார்கள். அந்த ஊரைப் பற்றி எழுத இவ்வளவு இருக்கிறது.

இணையப் பதிப்பிலாவது அந்த ஒரு வரியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், ஈரோடு