தறி நின்ற ஞாயிறும் தானாக நிற்கும் சோலாரும்: மின் பகிர்மான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கமுங்க. பல்லடம், சோமனூர் பக்கம் கூரை சோலார் பொருத்தும் தொழிலில் இருக்கிறோம். 2024-ல் வந்த ஒன்றிய அரசின் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. வெயிலுக்கும் இங்கே பஞ்சமில்லை. விளையும் கரண்டை வாங்கிக்கொள்ள உங்கள் கம்பிதான் தயாராக இல்லை.

விசைத்தறிகள் நின்ற ஞாயிறு மத்தியானம் லைனில் லோடு கிடையாது. டிரான்ஸ்பார்மர் லோடில்லாமல் தருவது ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 433 வோல்ட், அதாவது ஒரு ஃபேஸுக்கு 250. சாயங்காலம் கடைக்கோடி வீட்டில் ஃபேன் சுற்றட்டும் என்று டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி, அதாவது 2.5 சதவீதம், கூட்டி வைத்திருந்தால் 256. பேனல் கரண்டை லைனில் சேர்க்கும் 230 வோல்ட் இன்வெர்ட்டர், வோல்டேஜ் 253-ஐத் தாண்டினால் 2 விநாடிக்குள் லைனிலிருந்து கழன்றுகொள்ள வேண்டும் என்பது விதி. வோல்டேஜ் இறங்கினாலும் 60 விநாடி காத்திருந்துதான் மறுபடி சேரும். சேர்ந்ததும் திரும்ப ஏறும், திரும்பக் கழலும். நல்ல வெயில் நேரம் முழுக்க இதே கூத்து. திட்டு வாங்குவது பேனல் மாட்டியவன்.

டேப் கூட்டாத இடத்திலும் தப்ப முடியாது. 300 மீட்டர் நீளத்துக்கு ‘வீசல்’ எனும் மெல்லிய லைன் கம்பி போனால், அதன் கடைசியில் 5 கிலோவாட் ஒருமுனை இன்வெர்ட்டர் 21 ஆம்பியர் தள்ளினால், ஃபேஸிலும் நியூட்ரலிலும் சேர்ந்து சுமார் 11 வோல்ட் ஏறும். அதையே மும்முனையில் பிரித்தால் 2 வோல்ட்தான். ஆனால் அனுமதி தரும்போது எந்த ஃபேஸில் ஏற்கெனவே எத்தனை இன்வெர்ட்டர் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

கேட்பது இதுதான்: இத்தனை மெகாவாட் சோலார் என்று கணக்கை அறிவிக்கும் முன் டிரான்ஸ்பார்மர் வாரியாக ஞாயிறு மத்தியான வோல்டேஜை அளந்து பாருங்கள். டேப் உள்ளதில் சப்ளையை நிறுத்தி ஒரு படி குறையுங்கள். வெறுமனே குறைத்தால் சாயங்காலம் கடைக்கோடி வீடு மங்கும். ஆகவே அந்த நீள லைனுக்குத் தடித்த கம்பி போடுங்கள். ஒருமுனை இன்வெர்ட்டர்களை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துவிடுங்கள்.

காற்று சீசனில் உடுமலைப் பக்கம் ஓடுகிற காற்றாலையை நிறுத்தச் சொல்வதும் இதே வகையறாதான். காற்றும் வெயிலும் உங்கள் வசதி பார்த்து வர வேண்டுமென்றால் அவற்றுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடலாம்.

கோபத்தில் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த மத்தியான வோல்டேஜை அளக்க ஆளனுப்புங்கள். டாங் டெஸ்டர் மீட்டரோடு நாங்களும் கூட வருகிறோமுங்க.

இப்படிக்கு,
கூரை சோலார் பொருத்துவோர்