'நம்மைப் போல' என்ற இரண்டு சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.பி.க்களின் சம்பள உயர்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணக்கில் குறையில்லை. மாதம் 1,00,000 ரூபாய் 1,24,000 ஆனதையும், மார்ச் 2025இல் வந்த அந்த ஆணை 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டுச் செல்லும் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தீர்கள். ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளருக்குத் திடீரென்று இரக்கம் சுரந்துவிட்டது. அவர்களும் நம்மைப் போல மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள், உடம்புக்கு வந்தால் அவர்களும் படுக்கத்தானே வேண்டும் என்கிறார். அந்த 'நம்மைப் போல' இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

யாரைப் போல ஐயா? நான் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக, அதாவது இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்ப்பவனாக, வேலை பார்த்தவன். என் மனைவி அதே ஆலையில் கோன் வைண்டிங்கில், நூலைக் கோனில் சுற்றும் பிரிவில், நின்றவர். 'வேலை செய்தவர்' என்பதைவிட 'நின்றவர்' என்பதே சரி. எட்டு மணி நேரமும் அங்கே உட்கார இடமில்லை. 2019 ஆகஸ்டில் அவருக்கு டைபாய்டு வந்தது.

ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் விதிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. முதல் இரண்டு நாள் நோய்க்குக் காசு கிடையாது. அதன் பிறகு கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். அதற்கும் முந்தைய அரையாண்டில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் நோய்ச் சான்று வாங்க வேண்டும். என் மனைவி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மஞ்சள் பையில் மாத்திரை அட்டைகளோடு மருந்தகப் படியில் உட்கார்ந்திருப்பார். எண்ணைக் கூப்பிட்டால் எழுந்துபோக வேண்டியவர் அவர்தான், எனக்குப் பதிலுக்குப் போக உரிமையில்லை.

ஆகஸ்ட் 8ஆம் தேதி வாங்கிய சான்று 14 வரை செல்லும். 15 விடுமுறை, மருந்தகம் பூட்டிக் கிடந்தது. 16ஆம் தேதி போனோம், அன்று முதல் அடுத்த சான்று. பணம் வாங்கும் இடத்தில் இருந்தவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் விடுபட்ட தேதியை நீலப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். சான்று இல்லாத நாளில் நோயும் இல்லையாம். நாடு சுதந்திரம் பெற்ற நாளில் என் மனைவியும் 102 டிகிரி காய்ச்சலிலிருந்து ஒரு நாள் சுதந்திரம் பெற்றிருக்கிறார், எங்களுக்குத்தான் தெரியவில்லை. அவருடைய நாள்கூலி 340 ரூபாய். 70 சதவீதம் 238 ரூபாய். அது போயிற்று. வட்டமிட்டவர் நல்ல மனிதர்தான், விதி அப்படி.

இப்போது உங்கள் மாதச் சம்பளக்காரர்களைப் பாருங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி எம்.பி.யின் சம்பளம் பதவிக்காலம் முழுவதற்கும் உண்டு. நோய் விடுப்பு என்ற பேச்சே அங்கே எழவில்லை, ஏனென்றால் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் ஒன்றுதான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் போவது தினப்படி மட்டும். அது இப்போது 2,500 ரூபாய். என் மனைவி நாள் முழுக்க நின்று வாங்கிய கூலிக்கு ஏழு மடங்குக்கு மேல், ஒரு கையெழுத்துக்கு.

அறுபது நாள் அனுமதியின்றி வராவிட்டால் இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 101ஆம் பிரிவு சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது. ஆனால் அவை நான்கு நாளுக்கு மேல் தொடர்ந்து ஒத்திவைக்கப்பட்டால் அந்த நாட்கள் கணக்கில் வராது. 17வது மக்களவை ஐந்து ஆண்டுகளில் கூடியது 274 நாள். வகுத்துப் பாருங்கள், அறுபது நாள் என்பது ஏறக்குறைய ஓர் ஆண்டு. அனுமதி கேட்டால் அதற்கென்று ஒரு குழுவே இருக்கிறது. சிறையில் இருக்கும் ஓர் உறுப்பினருக்கு அந்தக் குழு 54 நாள் விடுப்புக்குப் பரிந்துரைத்ததை நீங்களே சென்ற மாதம் வெளியிட்டீர்கள்.

எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. 2023 ஆகஸ்டில் மன்மோகன் சிங் தொண்ணூறு வயதில் சக்கர நாற்காலியில் மாநிலங்களவைக்கு வந்து வாக்களித்தார். வராமலே இருந்திருந்தாலும் அவர் சம்பளம் குறைந்திருக்காது. ஏழை வீட்டுப் பிள்ளை எம்.பி. ஆனால் அவருக்கும் சம்பளம் வேண்டும், அதையும் நான் மறுக்கவில்லை.

என் கோபம் வேறு. தங்கள் சம்பளத்தைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள் என்ற ஏச்சு பொறுக்காமல், 2018 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி ஒரு வழி கண்டார். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பணவீக்கக் குறியீட்டின்படி தானாகவே கூடும். நல்ல ஏற்பாடு. அந்தக் குறியீடு எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காதா? ஈ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ஆனது, அதோடு நின்றுவிட்டது. பனியன் கம்பெனியில் இருக்கும் என் மகனுக்கு 2023 ஜூனில் 600 ரூபாய் கூடி அந்த வரம்பைத் தாண்டினான். செப்டம்பரோடு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நின்றது, அடுத்த ஜூனோடு உரிமையும் முடிந்தது. சம்பளம் கூடியதற்கு வீட்டில் பாயசம் வைத்தோம், அதை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது.

ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரே முறை ஜெயித்தவருக்கும் இப்போது மாதம் 31,000. பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய், இன்றும் 1,000 ரூபாய். எனக்கு 2,640 வருகிறது, ஆகவே நான் வசதியானவன்.

2020இல் எம்.பி.க்கள் சம்பளத்தில் ஓர் ஆண்டுக்கு 30 சதவீதம் பிடித்தார்கள். அதைத் தியாகம் என்று நீங்கள் தலைப்பிட்டது நினைவிருக்கிறது. ஊரடங்கில் எங்கள் ஆலைக் கதவு மூடிக்கிடந்த நாட்களில் எங்களுக்கு நூறு சதவீதம் பிடித்தார்கள். அதற்குத் தலைப்பு வரவில்லை. அப்போது நான் எழுதிய கடிதத்தில் நான்கு வரிதான் அச்சாயிற்று, அதிலும் இதழைப் பாராட்டிய வரிகள் மட்டும். இதழின் விலை உயர்ந்தபோதுகூட ஒன்றும் சொல்லாமல் வாங்கி வருகிறேன் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், 'நம்மைப் போல' என்ற சொற்களைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு வரி போடுங்கள். இடமிருந்தால், விடுமுறை நாளுக்கு முன்பே போய் அடுத்த சான்று பற்றி மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளும்படி தொழிலாளர்களுக்கு ஒரு குறிப்பும் போடலாம். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் வணக்கத்தையும் 'மதிப்பிற்குரிய' என்பதையும் எடுத்துவிடுங்கள். அந்த 238 ரூபாயை மட்டும் வெட்ட வேண்டாம், அது ஏற்கெனவே ஒரு முறை வெட்டுப்பட்டது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர்,
திருப்பூர் மாவட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம். மகன் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் வேலைக்குப் போகிறான்.)