செயலாளரின் ஆண்டறிக்கை: புகைத் தடையும் நம் கடைகளும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன, வழக்கம்போல் தாமதமாகத் தொடங்கின. அலுவலகத்துக்கு வந்த புகார்களில் பெரும்பகுதி புகைபிடித்தல் அபராதம் பற்றியது என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை போடும், உணவகம், டீக்கடை, மதுக்கூடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதிகள் 2008 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் அமலுக்கு வந்தன. அப்போது மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். பெரிய ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. நம் சங்கத்திலும் பாதி வியாபாரம் போய்விடும் என்று புலம்பினோம். போகவில்லை. ஒரு டீயை வைத்துக்கொண்டு மூன்று சிகரெட் முடியும்வரை மேசையை அடைத்தவர் இப்போது வாசலுக்குப் போகிறார். அந்த மேசையில் குடும்பம் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிறது. நாள் முழுக்க இருமிக்கொண்டே டீ ஆற்றிய மாஸ்டர்களையும் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே தடையை நீக்கக் கோரவேண்டும் என்று சில உறுப்பினர்கள் கொடுத்த தீர்மானத்தைச் செயற்குழு ஏற்கவில்லை. நம் குறை வேறு. முப்பது இருக்கையோ அதற்குமேலோ உள்ள உணவகம் தனிப் புகை அறை வைத்துக்கொள்ளலாம். நான்கு பெஞ்ச் போட்டவருக்கு அந்த வழி கிடையாது. அவர் கடைக்குள் ஒருவர் பற்றவைத்து, அதைப் பற்றிப் புகார் வந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதம் உரிமையாளர் தலையில். புகைத்தவருக்கு அதிகபட்சம் 200 ரூபாய். கல்லாவில் இருப்பவர் பில் போடுவாரா, போலீஸ் வேலை பார்ப்பாரா?

அதேசமயம் நம் பக்கத்துக் கூத்தையும் சொல்லியாக வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கடையில் வைத்துத் தரக்கூடாது என்பது விதி. கடைவீதியில் ஓர் உறுப்பினர் 60க்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஒழுங்காகப் போர்டு மாட்டியிருந்தார். அந்தப் போர்டு மாட்டிய ஆணியிலேயே, நுனியில் கங்கு கனிய ஒரு கயிறு தொங்கியது. பீடி பற்றவைக்க வந்தவர் "இங்கு புகைபிடிப்பது குற்றம்" என்ற எழுத்துக்கு நேர்கீழே கன்னம் குழிய இழுத்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டுத்தான் ரசீது எழுதினார்கள். அந்த ரசீதை எதிர்த்துச் சங்கம் மனுக்கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மதுக்கூடம் நடத்தும் உறுப்பினர்கள் நிலை இன்னும் சிக்கல். போதையில் இருப்பவரிடம் சிகரெட்டை அணைக்கச் சொன்னால் பாட்டில் பறக்கும் என்கிறார்கள். மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் புகைக்குள் இரவு வரை மேசை துடைப்பவர் வீட்டுக்கும் அதே நுரையீரலோடுதான் போகவேண்டும்.

அபராதத்தை முதலில் புகைத்தவரிடமே வசூலிக்கவேண்டும், எச்சரித்ததை எழுதிவைத்த கடைக்காரரை விட்டுவிடவேண்டும் என்று கேட்டு மனு அனுப்பியிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. அடுத்த மாதம் நேரில் போகிறோம். வர விரும்பும் உறுப்பினர்கள் என்னிடம் பெயர் தரலாம்.

அறிவிப்புப் போர்டுகள் அச்சாகி அலுவலகத்தில் இருக்கின்றன. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம். பாக்கியைக் கட்டிவிட்டு எடுத்தால் பொருளாளர் மகிழ்வார்.

இப்படிக்கு,
செயலாளர்