அப்பாவின் கோப்பு உங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது

ஓய்வூதியப் பொறுப்பதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை, பக்கத்து வளவில் சிங்களம் தெரிந்த பிள்ளை ஒருத்தியைக் கொண்டு வாசிப்பித்தோம். அப்பாவின் சேவைச் சான்றிதழின் மூலப்பிரதி இல்லாமல் அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம் தர முடியாது என்று திரும்பவும் எழுதியிருக்கிறீர்கள். அது எப்படிப் போனதென்று முதல் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம். யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இன்னொரு தரம்.

அப்பா 1952இல் றோயல் சிலோன் விமானப்படையில் சேர்ந்தவர். அறுபதுகளின் கடைசியில் சீனன்குடாவில் பறப்புப் பயிற்றுநர். 1972இல் நாட்டின் பெயரோடு படையின் பெயரும் மாறியது. அந்த ஆண்டே விலகி வந்து விசுவமடுவில் மிளகாய் நட்டார். சான்றிதழும் அவருடைய பறப்புப் பதிவேடும் ஒரே ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தன. எந்த நாள், எந்த விமானம், எந்த மாணவன், எத்தனை நிமிடம் என்று அவர் கைப்பட எழுதிய பதிவேடு அது.

2009இல் உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று பெட்டி எங்களோடு வந்தது. மாத்தளனில் நாங்கள்தான் அதை விடச் சொன்னோம். வன்னிக்குள்ளிருந்து வெளியே வரும் குடும்பத்தின் கையில் விமானம் ஓட்டிய கணக்கு இருந்தால் என்ன நடக்கும், ஐயா? வான்புலிகள் கட்டுநாயக்காவில் குண்டு போட்டு இரண்டே வருடம். அரசாங்கத்துக்கு வேலை செய்ததற்கான அத்தாட்சியே எங்களைத் தடுப்புக்கு அனுப்பிவிடும் என்று பயந்தோம். அப்பா எதுவும் பேசாமல் பங்கருக்குள் கிடங்கு வெட்டி, பெட்டியை அப்படியே புதைத்தார்.

ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் அப்பாவிடம் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார்கள். விமானப்படை என்று சிங்களத்தில் சொன்னார். "எந்த விமானப்படை?" என்று கேட்டான் ஒரு பெடியன். எழுபது தாண்டிய மனிதரைப் புறம்பாக இருத்தினார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு விமானப்படை அதிகாரியைக் கூட்டி வந்தார்கள். சிப்மங்க் பயிற்சி விமானத்தில் பயிற்றுநர் இருப்பது பின் ஆசனத்தில். மாணவனை முதன்முதல் தனியே பறக்க அனுப்பும்போது, இறங்குகிற பயிற்றுநர் தன் ஆசனப் பட்டிகளை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். தளர்ந்து கிடந்தால் கட்டுப்பாட்டுத் தடியில் சிக்கிக்கொள்ளும். அப்பா இதைச் சொல்லி முடித்ததும் அந்த அதிகாரி அவருக்குக் கதிரை போடச் சொன்னார். அவர் மூலப்பிரதி கேட்கவில்லை.

நீங்கள் கேட்கிறீர்கள். அப்பா இறக்கும்வரை மாதாமாதம் ஓய்வூதியத்தை அவர் கணக்கில் போட்டது உங்கள் கந்தோர். உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் வருடாவருடம் கேட்டு வாங்கினீர்கள். கோப்பு இல்லாமலா அவ்வளவு காலமும் பணம் போட்டீர்கள்? அவர் இறந்த மறுமாதமே கொடுப்பனவை நிறுத்தத் தெரிந்த கந்தோருக்கு, அதே கோப்பைத் திறந்து அம்மாவின் பெயரைப் பார்க்கத் தெரியாமல் போனது எப்படி?

மொழியையும் சொல்லத்தான் வேண்டும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்கிறது. எங்களுக்கு வரும் கடிதத்தில் தமிழில் இருப்பது முத்திரைக்கு மேலே உள்ள ஒரு வரி மட்டும். விமானப்படையின் கிபிர் போர் விமானம் இரையும்போது அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் அப்பா பங்கருக்குள் இறங்குவார். மேலே பறப்பவர்களுக்குப் படிப்பித்தவர்களில் தன் மாணவர்களும் இருக்கலாம் என்று ஒருநாள் சொன்னார். அப்படி ஒரு ஆளின் மனைவிக்குத் தமிழில் எழுத உங்களிடம் தட்டச்சு இல்லையாக்கும். வேண்டுமென்றால் மாத்தளனுக்கு மண்வெட்டியோடு ஆள் அனுப்புங்கள், இடத்தை நான் காட்டுகிறேன்.

சரி, குறை நினைக்க வேண்டாம். அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. கோபப்பட்டும் நேரம் போகிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மூலப்பிரதியை எங்களிடம் கேட்காமல், உங்களிடம் உள்ள கோப்பைப் பார்த்து அம்மாவின் ஓய்வூதியத்தை ஆரம்பியுங்கள். கோப்பு இல்லை என்றால் அதையே எழுத்தில், தமிழில் தாருங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் இன்று ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மாவின் வங்கிப் புத்தகப் பிரதியும், கிராம அலுவலர் உறுதிப்படுத்திய திருமணப் பதிவுப் பிரதியும் இத்துடன் உள்ளன. தயவுசெய்து கவனியுங்கள்.

இப்படிக்கு,
மகள், விசுவமடு