ஒரு புள்ளியும் அழியாமல்: ஆபிரகாம் பண்டிதர் நூலுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கும் தமிழிசை அன்பர்களுக்கும் வணக்கம்.

1859 ஆகஸ்டு 2 அன்று சாம்பவர் வடகரையில் பிறந்து, 1919 ஆகஸ்டு 31 அன்று தஞ்சாவூரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர் ஆபிரகாம் பண்டிதர். இசை ஆராய்ச்சியாளராகப் பலரும் அறிவார்கள். அந்த ஆராய்ச்சி ஒரு குடும்பத்தின் உழைப்பு என்பதையும் நினைக்க வேண்டும். அவரும் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஒரே பெண்கள் பள்ளியில் ஆசிரியர்கள். பிறகு பண்டிதர் சித்த மருந்துகளில் சம்பாதித்த பணத்தைச் சங்கீத மாநாடுகளில் செலவிட்டார். 1916 பரோடா இசை மாநாட்டில், ஒரு ஸ்தாயியில் (ஸ முதல் அடுத்த ஸ வரை) உள்ள நுண்ணிய சுருதிகள் இருபத்திரண்டல்ல, இருபத்துநான்கு என்று அவர் வாதாடியபோது, அதைப் பாடியும் வீணையில் வாசித்தும் காட்டியவர்கள் மகள்கள் மரகதவல்லியும் கனகவல்லியும். மகன் வரகுண பாண்டியன் பின்னாளில் யாழ் ஆய்வில் இறங்கினார்.

1917இல் வந்த அவருடைய இசை ஆராய்ச்சி நூலான ‘கருணாமிர்த சாகரம்’ 1,300 பக்கத்தைத் தாண்டும். வீடுகளில் மிஞ்சியிருக்கும் பழைய படிகளில் ஒன்றைச் செப்பனிட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பிழை திருத்திய எழுத்து வடிவமாக எல்லோருக்கும் இலவசமாகத் தருவதே எங்கள் வேலை.

ஸ்கேன் ஒன்று இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சுர எழுத்தின் மேல் புள்ளி இருந்தால் தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி), கீழே இருந்தால் மந்தரம் (கீழ் ஸ்தாயி). கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து ‘தூசி நீக்கு’ என்று கொடுத்தால், மென்பொருள் அந்தப் புள்ளியையும் தூசியாக எண்ணித் துடைத்துவிடும். மேல் ஸ்தாயி ஸட்ஜத்தை (ஸ) பாடுகிறவர் நடு ஸ்தாயியில் பாடிவிடுவார். ஆகவே 400 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 400 படப்புள்ளி), வண்ணத்தில், தூசி நீக்காமல் எடுக்கிறோம். பழைய வடிவில் அச்சான ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற எழுத்துகளைப் படிக்க மென்பொருள் தடுமாறும். அதனால் தமிழ் அறிந்த ஒருவர் ஒரு முறையும், சுரம் பாடத் தெரிந்த ஒருவர் மறு முறையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

அந்தக் காலத்து மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் உண்டு. ஓரம் முதலில் பழுத்து, மடக்கினால் ஒடியும். ஆகவே புத்தகத்தை 180 டிகிரிக்கு விரிக்காமல், ‘வி’ வடிவத் தாங்கியில் 90 டிகிரியில் வைத்து மேலிருந்து படமெடுப்போம். கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் மட்டும்தான். லேமினேஷன் கூடவே கூடாது. அதைப் பிறகு எளிதில் பிரிக்க முடியாது.

செலவுக் கணக்கு: ஒரு பக்கத்துக்குத் துப்புரவும் ஒட்டலும் 20 ரூபாய், படமெடுக்க 15, இரண்டு முறை ஒப்பிட 25, ஆக 60. 1,350 பக்கம் என்று வைத்தால் 81,000 ரூபாய். மூன்று ஊர்களில் வைக்க மூன்று ஹார்ட் டிஸ்க்குக்கு 12,000. மொத்தம் 93,000. பத்துப் பக்கத்தை ஏற்க 600 ரூபாய் போதும். பெற்றோர் நினைவாகவும் கொடுக்கலாம்; அவர்கள் பெயர் நன்றிப் பக்கத்தில் வரும். பொருளாளரிடம் ரசீது வாங்காமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவை மாதாமாதம் வெளியிடுவோம்.

பணம் இல்லாதவர்கள் ஒப்பிடும் வேலைக்கு வரலாம். வாரம் பத்துப் பக்கம் பார்த்தாலே பெரிய உதவி. தாத்தா பாட்டி வைத்திருந்த படி வீட்டுப் பெட்டியில் இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் பார்க்கும்வரை வெயிலில் காய வைக்க வேண்டாம், செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். உதிர்ந்த துண்டுகளையும் ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். அதில் ஒரு சுரம் இருக்கலாம்.

இப்படிக்கு,
நினைவுப் பதிப்புக் குழுவினர்