மேசைப் பலகை ஒட்டும் முன்

அன்பு மக்ளே,

மேசைப் பலகை ஒட்ட, விளிம்பில் பிளவு போட்டு மெல்லிய மரச் சில்லு (பிஸ்கட்) செருகும் பிஸ்கட் ஜாயின்டர் வாங்கட்டுமா, மர முளைக்கு (டவல்) நேராகத் துளை போட உதவும் டவல் ஜிக் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இப்போது வேண்டாம். அந்தக் காசில் பலகையை இறுக்கிப் பிடிக்க நல்ல கிளாம்ப் ஐந்தும், இழைப்புளி அலகு தீட்ட ஒரு கல்லும் வாங்கு. நீள விளிம்போடு நீள விளிம்பு சேரும் இடத்தில் பசை சரியாகப் பிடித்தால் மரத்தைவிட ஒட்டுதான் பலம். உடைத்துப் பார்த்தால் பக்கத்து நார்தான் பிய்ந்து வரும். டவலும் பிஸ்கட்டும் பலகை மேலும் கீழும் வழுக்காமல் நிற்க உதவும், அவ்வளவுதான். குறுக்கே வெட்டிய முனையை ஒட்டுவது வேறு. அங்கே பசையை மரம் உறிஞ்சிவிடும். துளையடித்து, அதில் நுழையும்படி செதுக்கிய முனையை (கழுந்து) கோத்தால்தான் நிற்கும்.

பத்மநாபபுரம் அரண்மனையில் ஒற்றைப் பலாத்தடியில் செதுக்கிய தூணைப் பார்த்திருக்கிறாயே, அந்த மாதிரித் தடிக்கு இனி எந்த மில்லுக்குப் போவது? கிடைத்தாலும் இரண்டடி அகல ஒற்றைப் பலகை வளையாமல் இராது. 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஆறு பலகை, 20 மில்லிமீட்டர் கனம், அதுவே நல்லது. வெளிப்பக்க வெள்ளை மரம் இல்லாமல், உள்ளே முற்றிய வைரமாகப் பார்த்துப் பலா அனுப்புகிறேன்.

வந்ததும் அறுக்கும் வாளை எடுக்காதே. நம்மூரில் இரண்டு மழையும் பெய்கிறது, காய்ந்த மரத்திலும் ஈரம் மிச்சமிருக்கும். நீ இருக்கும் பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் காற்று வறண்டது. வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில், இடையிடையே ஒரே கனச் சட்டம் வைத்து மூன்று வாரம் அடுக்கி வை. அவசரப்பட்டு ஒட்டினால் முனைகள் முதலில் காய்ந்து சுருங்கும். ஒட்டு அங்கிருந்துதான் வாய் பிளக்கும்.

விளிம்பு இழைப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. அடுத்தடுத்து வரும் இரண்டு பலகையைப் புத்தகம்போல் மடக்கிச் சேர்த்துப் பிடித்து, இரண்டு விளிம்பையும் ஒன்றாக இழை. சேர்த்து 40 மில்லிதான், இரண்டு அங்குல அலகு தாராளம். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்தாலும் ஒன்றில் கூடுவது மற்றதில் குறைந்து, விரித்து வைக்கும்போது தட்டையாக வரும். நடுவில் மட்டும் அரை மில்லிக்கும் குறைவாகக் குழிவு விடு. விளிம்புகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் மெல்லிய கீற்று தெரியலாம். முனையில் தெரிந்தால் மறுபடி இழை. கிளாம்பை முறுக்கிச் சரிக்கட்டினால் ஒரு கோடைகூடத் தாங்காது.

பசைக்கு ஃபெவிகால் எஸ்.எச். போதும், பால்கனியில் போடும் மேசை என்றால் ஈரம் தாங்கும் ஃபெவிகால் மரைன். 30 கிராம்தான் செலவாகும், கிலோ டப்பா வாங்கி வீணாக்காதே. தேக்கு என்றால் எண்ணெய்ப் பசை போக, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் துடைக்க வேண்டும். பலாவுக்கு அன்றே இழைத்த விளிம்பு இருந்தால் போதும்.

பசை இல்லாமல் ஒரு தடவை எல்லாவற்றையும் பூட்டிப் பார். பிறகு மூன்று மூன்று பலகையாக ஒட்டி, கடைசியில் நடு ஒட்டைப் போடு. ஆறையும் ஒரே மூச்சில் ஒட்டப் போனால் பாதியிலேயே பசை இறுகத் தொடங்கும். கிளாம்பை முனையிலிருந்து 10 சென்டிமீட்டரில் தொடங்கி 25-க்கு ஒன்றாக, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றிப் பூட்டு. எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் பலகை வில்லாக வளையும். ஒட்டு முழுக்கச் சின்னச் சின்ன மணியாகப் பசை பிதுங்கினால் அழுத்தம் சரி. ஈரத்துணியால் துடைக்காதே, நாருக்குள் இறங்கிப் பாலிஷில் வெளிறித் தெரியும். ரப்பர்போல் ஆனதும் உளியால் சுரண்டு.

மறுநாள் கிளாம்பைக் கழற்றலாம், ஆனால் மேலே இழைக்க இரண்டு மூன்று நாள் பொறு. பசையின் ஈரத்தில் ஒட்டுப் பக்கம் உப்பியிருக்கும். அப்போதே சமன் செய்தால் காய்ந்தபின் அந்த இடம் பள்ளமாகக் கோடு விழும். மேசைக்காலில் பொருத்தும்போது சட்டத்தில் ஸ்க்ரூ துளையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டமாகப் போடு. மழைக்கும் வெயிலுக்கும் அந்தப் பலகை நாலைந்து மில்லி போய் வரும். பலகை அடுத்த வாரம் பார்சலில் வரும், முனைகளில் மெழுகு பூசியிருக்கும். அதை இப்போது சுரண்டாதே.

அப்பா
தக்கலை